கடலுக்குள் ஒரு ஜோடிச் சப்பாத்து

1

இந்த வாரம் என் கணவரின் கால்கள் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருடைய கைப்பேசியிலும் இருக்கின்றன. ஆடி அமாவாசையன்று இங்கே மலாக்காக் கடற்கரையில் எடுத்த படம் அது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் எள்ளும் தண்ணீருமாக, இறந்துபோன தன் அப்பாவுக்குத் திதி கொடுக்கிறார். அலை பின்வாங்கிய நேரத்தில் எடுத்ததால் கால் முழுசாகத் தெரிகிறது. காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து. ஷூவை இங்கே நம் ஆட்கள் சப்பாத்து என்றுதான் சொல்வார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களும் செம்பனைக் காட்டில் குலை அறுக்கிறவர்களும் போடுகிற, பார்க்க அழகே இல்லாத, அடி தடித்த சப்பாத்து.

படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவர் என் கணவரின் அண்ணன் தனபாலன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர். படத்துக்குக் கீழே, "அப்பாவுக்கு என் தம்பி செய்த மரியாதை" என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு கும்பிடு. வேறு எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

மாமனாரின் பூர்வீகம் வேதாரண்யம் பக்கம். என்னைப் பெண் எடுத்ததும் அங்கேயிருந்துதான். அதனால் அந்தக் குழுவில் இரண்டு நாட்டுச் சொந்தமும் கூடிக் கிடக்கிறது. படம் வந்த கொஞ்ச நேரத்தில் குரல்பதிவுகள் வரிசையாக வந்து விழுந்தன. முதல் பதிவு என் தங்கை வேணியுடையது.

"ஏக்கா, என்னக்கா இது அசிங்கம்? கடலு தாயிக்கா. அதுமேல செருப்புக் காலோட ஏறி நின்னு திதி குடுத்தா உன் மாமனாரு எப்படிக்கா வாங்கிக்குவாரு? நாமல்லாம் கடக்கரையில செருப்புப் போட்டா வளந்தோம்? மலேசியாவுக்குப் போனதும் எல்லாம் மறந்துபோச்சா?"

அடுத்தது சித்தப்பா. "மாப்பிள்ள சாது. எல்லாம் இவ வேலையாத்தான் இருக்கும்."

ஆமாம், என் வேலைதான். அந்தச் சப்பாத்தை வாங்கியவள் நான், மாட்டிவிட்டவள் நான். கோபம் ஆறிய பிறகு எதையும் எழுது என்று என் கணவர் சொல்கிறார். ஆறிவிட்டால் நான் மன்னித்துவிடுவேன், எப்போதும் அப்படித்தான் நடக்கிறது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

2

என் கணவருக்கு இனிப்பு நீர். நம் ஊரில் சர்க்கரை வியாதி என்பதை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நாங்கள் இருப்பது பெம்பானில், ஜாசின் பக்கத்துச் சின்ன ஊர். லாரி அனுப்புகிற வேலை அவருக்கு. உட்கார்ந்தே வேலை, கடையிலேயே சாப்பாடு, நாளெல்லாம் தே தாரிக் என்கிற பால் தேநீர். நோய் வர வேறென்ன வேண்டும்?

நோய் வந்த சில வருடங்களில் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. இது எப்படி இருக்கும் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மத்தியான வெயிலில் சிமெண்டு வாசலில் நின்று கார் கழுவுவார். நான் ஒரு காலை வெளியே வைத்துவிட்டு "அம்மா" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடுவேன். அவர் அதே தரையில் வெறுங்காலோடு சாவகாசமாக நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் பார்த்தால் உள்ளங்கால் பூராவும் கொப்புளம். வலித்தால் அல்லவா காலை எடுப்பார்?

அரசாங்கக் கிளினிக்கில் மலாய்க்கார நர்ஸ் ஒருத்தி அவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம், "ஜாங்கான் காக்கி ஆயாம், காக்கா" என்றாள். எனக்கு அப்போது சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் மலாய். காக்கா என்றால் அக்கா, காக்கி என்றால் கால், ஆயாம் என்றால் கோழி. கோழிக்கால் ஆகாது போலிருக்கிறது என்று, "எங்கள் வீட்டில் அதெல்லாம் சமைப்பதே இல்லை" என்று வாய்க்கு வந்த மலாயில் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நின்றிருந்த என் மகள் தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டு, "மா, வெறுங்காலோட நடக்கக்கூடாதுன்னு சொல்றாங்க" என்றாள். அம்மாவுக்குப் பாஷை தெரியாததில் அவளுக்கு அவமானம்.

அன்றைக்கே வீட்டுக்குள் போட ஒரு செருப்பு, வாசலுக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று வாங்கி வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். புலாவ் செபாங்கில் குடியிருக்கிற பெரியத்தான் மட்டும் வாய்விட்டுச் சொன்னார். "சாமி படம் மாட்டியிருக்கிற வீட்டுக்குள்ள செருப்பா? நாகரிகம் ரொம்ப முத்திப்போச்சு லா."

3

எங்கள் மாமனாருக்கு வருடா வருடம் ஆடி அமாவாசையன்று கடற்கரையில்தான் திதி. சுங்கை ரம்பாய்க்குப் போகிற பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் ஒரு கரை. நம் ஊர்க் கடல்போல் இரைச்சல் கிடையாது. பாதி மணல், பாதி சேறு, தண்ணீர் எப்போதும் தே தாரிக் நிறம். அந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கேதான் வருகின்றன. திதிக்கும் வருவார்கள், தகனம் முடிந்து சாம்பலைக் கரைக்கவும் வருவார்கள்.

சாம்பல் கொண்டுவருகிறவர்கள் மண்பானையில் கொண்டுவருவார்கள். கரைத்து முடித்ததும் பானையைப் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். அதுதான் முறை. எல்லாரும் முறையாகத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். உடைந்த ஓடு அங்கேயே, முட்டிக்கும் குறைந்த தண்ணீரில், சேற்றுக்குள் செருகிக்கொண்டு கிடக்கிறது. அதோடு மாலை கட்டிய மூங்கில் குச்சி, தேங்காய் ஓடு, எண்ணெய் கொண்டுவந்த கண்ணாடிப் போத்தல். அடுத்த குடும்பம் வருகிறது. கடல் தாய் என்று சொல்லிச் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, அந்தத் தாயின் மடியில் போன குடும்பம் உடைத்துப் போட்ட ஓட்டின் மேல் இறங்குகிறது.

போன வருடம் என் கணவரும் அப்படித்தான் இறங்கினார். நான் செருப்பைக் கழற்றாதீர்கள் என்று சொன்னேன். ஐயர் இருக்கிறார், அண்ணன் இருக்கிறார், சும்மா இரு என்று கண்ணாலேயே அடக்கினார். திதி முடிந்து வீட்டுக்கு வந்து கார்க் கதவைத் திறந்தால், அவர் கால் வைத்திருந்த விரிப்பு ஊறிக்கிடந்தது.

"என்னங்க இது?"

"சேறா இருக்கும்."

சேறு சிவப்பாகவா இருக்கும்? பெருவிரலுக்குக் கீழே ஓடு ஏறியிருந்தது. நான்தான் பிடுங்கினேன். நகத்தளவு செம்மண் ஓடு, ஒரு பக்கம் மஞ்சள் பூசிய தடம். எந்த வீட்டு மகன் எந்தத் தகப்பனுக்கு உடைத்த பானையோ. அதோடுதான் அவர் மந்திரம் சொல்லியிருக்கிறார், பிண்டம் கரைத்திருக்கிறார், கரைக்கு நடந்து வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, கார் ஓட்டிக்கொண்டு வீடுவரை வந்திருக்கிறார்.

காயம் பழுத்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். எடுக்கும் முன்னால் கையெழுத்து வாங்கினார்கள். அவர் போட்டுவிட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு நான் என் அட்டையை நீட்டினேன். இத்தனை காலம் இந்த நாட்டில் குடும்பம் நடத்தியும் என் அடையாள அட்டை இன்னும் சிவப்புதான், நிரந்தரவாசி அட்டை. குடியுரிமைக்கு எழுதிப்போட்டு எழுதிப்போட்டு அலுத்துவிட்டது. முகப்பில் இருந்த பெண் அட்டையின் நிறத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "வேறு யாராவது இருக்கிறார்களா? குடியுரிமை உள்ளவர்கள்?" என்றாள். அவருடைய புண்ணை நாள்தோறும் கழுவித் துடைத்தவள் நான். பழுத்த நாற்றம் என் விரலில் இருந்தது. ஆனாலும் சாட்சியாக நான் போதாது.

கையெழுத்துப் போட்டவர் பெரியத்தான். கண் கலங்கி, தம்பியின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போட்டார். அதைப் பார்த்து நானும் அழுதேன். அதே மனிதர்தான் இந்த வருடம் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்.

4

தர்ஷினி இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். திதிக்கு வா என்றால், "பாஸ் தா காசி லீவ் லா மா" என்பாள், முதலாளி லீவு தரவில்லையாம். தாத்தா பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். சரி, அவள் காலம் அப்படி என்று விட்டுவிடுவேன். ஆனால் அப்பாவுக்கு விரல் போய் ஆறு மாதம்கூட ஆகாத நேரத்தில் அவள் அனுப்பிய காணொளியைத்தான் என்னால் விட முடியவில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரி ஈர மணலில் வெறுங்காலோடு நடந்தபடி, பூமியின் சக்தி உடம்பில் ஏறுகிறது என்கிறாள்.

நான் கூப்பிட்டுக் கத்தினேன்.

"மா, ஓவரா பண்றீங்க லா. பேர்ஃபுட்டா நடந்தா நர்வ்ஸுக்கு நல்லதுமா. கிரவுண்டிங்னு சொல்வாங்க. நான் வீக்கெண்ட்ல ஃப்ரெண்ட்ஸோட போய் நடக்கிறேன், பெஸ்ட்டா இருக்கு. அப்பாவுக்கு மெதுமெதுவா ஃபீலிங் திரும்பி வரலாம்."

"உனக்குக் கால்ல உயிர் இருக்குடி. அப்பாவுக்கு இல்ல. ஓடு குத்தினா நீ கத்துவ. அவரு கார் ஓட்டிக்கிட்டு வருவாரு."

"நேச்சுரலா இருக்கிறதுதான் மா நல்லது. நீங்களே ஊர்ல அப்படித்தானே வளந்தீங்க?"

அப்பாவுக்கு உணர்ச்சி திரும்பி வர வேண்டும் என்ற ஆசையில் அனுப்பியிருக்கிறாள், எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் ஒரு பக்கம் பித்ருக்கள், இன்னொரு பக்கம் காணொளி, இரண்டும் சேர்ந்து என் வீட்டுக்காரரின் செருப்பைத்தான் கழற்றச் சொல்கின்றன.

நாங்கள் ஊரில் எப்படி வளர்ந்தோம் என்று ஆளாளுக்குச் சொல்வதால் நானும் சொல்கிறேன். வேணி, கேட்டுக்கொள். நாம் கடற்கரையில் செருப்புப் போடாததற்குக் காரணம், நம்மிடம் செருப்பு இல்லை. பள்ளிக்கூடத்துக்கென்று இருந்த ஒரு ஜோடியை உப்புத்தண்ணீரில் நனைத்தால் அம்மா முதுகில் போடுவாள். அதற்குப் பெயர் பக்தி இல்லை. சித்திரை வெயிலில் சவுக்குத் தோப்பு நிழலிலிருந்து படகு நிழலுக்கு ஓடும்போது நீ அழுதுகொண்டேதான் ஓடுவாய். இப்போது மொட்டைமாடியில் நடக்கப் போகும்போது வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு தினமும் குழுவில் படம் போடுகிறவள் நீதானே? மாடிக்கு ஷூ, என் வீட்டுக்காரருக்கு மட்டும் வெறுங்காலா?

சித்தப்பா, உங்களுக்கும் ஒன்று. வலை இழுக்கப் போன இடத்தில் உங்கள் காலில் கெளுத்தி முள் ஏறி, கால் பூசணிக்காய் கணக்காக வீங்கி, நீங்கள் மாதக்கணக்கில் பாயில் கிடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது கடல் தாய் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் கடலைப் பார்த்துத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

5

இந்த வருடம் ஆடி அமாவாசைக்கு முன்னால், தோட்டத்துச் சாமான்கள் விற்கிற கடைக்குப் போய் அந்தச் சப்பாத்தை வாங்கினேன். முள் ஏறாது, ஓடு ஏறாது, தண்ணீர் போனாலும் கழன்று வராது. விரல் போன இடத்தில் பஞ்சு வைத்து நானே மாட்டிவிட்டேன். அவர் காலை நீட்டிக்கொண்டிருந்தார். எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு என்னிடமும் இல்லை, அண்ணனிடமும் இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

கரையில் ஐயர் பிளாஸ்டிக் பாய் விரித்து வரிசையாகக் குடும்பங்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தார். அவர் காலில் ரப்பர்ச் செருப்பு இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. பிண்டத்தைத் தட்டில் வைத்துக் கடலில் கரைக்க எழுந்தபோதுதான் பெரியத்தான் தம்பியின் காலைப் பார்த்தார்.

"என்னா குணா இது?"

"டாக்டர் சொல்லியிருக்காங்க, பெரியத்தான்" என்றேன் நான்.

"நான் அவன்கிட்ட கேக்குறேன்மா. டேய், அப்பா காரியத்துக்குச் சப்பாத்தா? பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்கா வந்திருக்க? கழட்டு."

"கழட்ட மாட்டாரு."

"வசந்தி, இது ஆம்பளைங்க காரியம். நீ கார்ல போய் உக்காரு."

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் குனிந்தார். கை சப்பாத்தின் பக்கம் போனது. போன வருடம் இதே இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன், இரண்டு விரல் போனது. இந்த முறை மூடினால் முழுக் காலும் போகும், அப்புறம் அதைக் கழுவித் துடைக்கப் போவது இந்தக் கூட்டத்தில் யார்? நான் கத்திவிட்டேன்.

"கழட்டினீங்கன்னா இனிமே உங்க காலை நான் தொட மாட்டேன். உங்க அண்ணன் வந்து கட்டுப் போடட்டும். தினமும் புலாவ் செபாங்லேர்ந்து வரட்டும்."

அவர் நிமிர்ந்தார். சப்பாத்தைத் தொடவில்லை. அண்ணனைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்.

"அண்ணே, அப்பா போறப்ப எத்தனை காலோட போனாரு?"

அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். மாமனாருக்கும் இதே நோய்தான். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை.

"ஒத்தக் காலோட போன மனுசனுக்குத்தான் சோறு வைக்க வந்திருக்கோம். அவரு என் காலைக் கேக்க மாட்டாரு, அண்ணே."

சொல்லிவிட்டுத் தட்டோடு தண்ணீருக்குள் நடந்தார், பிண்டத்தைக் கரைத்து எள்ளும் தண்ணீரும் விட்டார். அவ்வளவு பேரை எதிர்த்து அவர் நடந்ததை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. பெரியத்தான் கரையில் நின்று கைப்பேசியை எடுத்தார். பிறகு அவரும் வெறுங்காலோடு இறங்கி, பத்தடி தள்ளி நின்று, தன் பங்குக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். எங்களோடு சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

6

குழுவில் கடைசியாக முடிவு செய்திருப்பது பரிகாரம். நாங்கள் விமானம் ஏறி வந்து, கோடியக்கரையில் வெறுங்காலோடு இறங்கி, மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி திதி கொடுக்க வேண்டுமாம். பெரியத்தான் அதற்கும் ஒரு கும்பிடு போட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. இந்தக் குறிப்பை எழுத ஆரம்பித்தேன். கோடியக்கரை வரைதான் எழுதியிருந்தேன், நேற்று மத்தியானம் இந்திரா அக்கா கூப்பிட்டார். என் ஓரகத்தி, பெரியத்தானின் மனைவி. என்ன திட்டு வரப்போகிறதோ என்று எடுத்தேன்.

"வசந்தி, அந்தச் சப்பாத்து எந்தக் கடையில வாங்கின?"

நான் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"யாருக்குக்கா?"

"சத்தம் போடாத. இவருக்குத்தான் லா. ரெண்டு வருசமா இனிப்பு நீர். குணாவுக்குக்கூடச் சொல்லக்கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. பாவக்காய் ஜூஸ் குடிக்கிறாரு, கிளினிக் பக்கமே போறதில்ல. அப்பா காலைப் பாத்தவருல்ல, பயம். ரெண்டு நாளா படுக்கிற ரூம்ல ஒரு வாடை அடிக்குது வசந்தி."

கோபம் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ரெண்டு வருடம்! தம்பிக்கு விரல் எடுக்கச் சாட்சிக் கையெழுத்துப் போடும்போதே இவருக்கும் இருந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார், தம்பியையும் கழற்றச் சொல்லியிருக்கிறார். என் கணவரை வேலையிலிருந்து வரச்சொல்லிக் காரில் கிளம்பினோம். வழியில் கடையில் நிறுத்தி ஒரு ஜோடி வாங்கினேன். பெம்பானிலிருந்து புலாவ் செபாங்வரை நான் திட்டிக்கொண்டே போனேன். என் கணவர் வண்டியை வேகமாக ஓட்டினார்.

பெரியத்தான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் காலுறை. வீட்டுக்குள் காலுறை போட்டு அவரை நான் பார்த்ததே இல்லை. எங்களைப் பார்த்ததும் இந்திரா அக்காவை முறைத்தார். பிறகு என் கையில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

"யாரு கூப்பிட்டா உங்கள?"

"காலைக் காட்டுங்க" என்றேன்.

இத்தனை வருடத்தில் அவர் எதிரே நான் நாற்காலியில்கூட உட்கார்ந்ததில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்து இழுத்தேன். முதலில் இழுத்துக்கொண்டார். என் கணவர் பின்னால் போய் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை விட்டுவிட்டார்.

காலுறை ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்துத்தான் உரிக்க முடிந்தது. உள்ளங்காலில் ஒரு கிழிசல், ஓரமெல்லாம் கறுத்து, வாய் திறந்து கிடந்தது. திதியன்று கடற்கரையில் ஓடு கிழித்தது. அதற்குள்ளே இன்னும் மணல் இருந்தது.

நான் துணியை நனைத்து ஓரத்தில் வைத்து அழுத்தினேன்.

"வலிக்குதா பெரியத்தான்?"

அவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"எங்க?" என்றார்.